குச்சி நட்ட இடம்

மீன்களுக்குக் காலைத் தீனி போடாமல் அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் காப்பி குடிப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. பேராசிரியை சொலாஞ்ச் அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுதான் நடைமுறை. காப்பிக் குடுவை மேசையில் மூடிபோட்டு உட்கார்ந்திருக்கும். அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, உப்புத்தண்ணீரில் பொரிக்கவைத்த பொடி இறால்குஞ்சுகளை வடிகட்டி எடுத்து, சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு டப்பாவிலும் விட வேண்டும். டப்பாவுக்கு ஒரு மீன்தான். அண்ணன் தம்பியை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் துப்பிவிடும். சுவர் முழுக்க அடுக்கடுக்காக டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் தீனி போட்டு முடிப்பதற்குள் காப்பி பச்சைத்தண்ணீராகிவிடும். அங்கே படித்தவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் காப்பியை ஆறவைத்துத்தான் குடிப்பார்கள் என்று கட்டடம் முழுக்கக் கேலி உண்டு.

எடிலேனி அந்தக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிரேசிலின் வடகிழக்கில், கடற்கரையில் இருக்கிறது பல்கலைக்கழகம். அவளுடைய ஊர் அங்கிருந்து வேனில் அரைநாள் தூரம், உள்ளே, வானம் பார்த்த பூமி. வருஷத்தில் சில மாதம் மழை, மீதி நாளெல்லாம் முள்ளும் புழுதியும் ஆடுகளும்தான். அங்கே மழை பெய்து குட்டைகள் நிறைந்த சில நாளில், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் தண்ணீரில் மீன் துள்ளும். மேகத்திலிருந்து விழுந்தது என்பார்கள் ஊரில். பெயரே மேக மீன். உண்மையில் அது போன வருஷமே மண்ணுக்குள் முட்டையிட்டு விட்டுச் செத்துப்போன மீனின் பிள்ளை. தண்ணீர் வற்றி, தரை வெடித்து, மாடு மிதித்து நடந்தாலும் முட்டை உள்ளே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

அந்த மீனைப் பற்றித்தான் எடிலேனியின் ஆராய்ச்சி. ஊரில் இரண்டு குளம். சர்ச்சுக்குப் பக்கத்தில் பெரிய குளம், தண்ணீர் நெடுநாள் நிற்கும். அவள் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம், மழை விட்ட கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். அவசரக்காரக் குளத்து மீன், தலைமுறை தலைமுறையாக அவசரப்பட்டு அவசரப்பட்டு, பிறக்கும்போதே சீக்கிரம் வயதுக்கு வருகிற ரத்தத்தோடு பிறக்கிறதா? இதுதான் கேள்வி. இரண்டு குளத்து மண்ணையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே வெளிச்சம் கொடுத்து வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மண்ணெடுக்கும் காலத்தில் எடிலேனிக்கு வகுப்பெடுக்கும் வேலை இருந்தது. அதனால் ஈரம் இருக்கும்போதே போய் இரண்டு குளத்திலும் வரிசை பிடித்துக் குச்சிகளை நட்டு, நம்பர் எழுதிவிட்டு வந்தாள். தரை காய்ந்ததும் அப்பா வல்தெமீர் ஒவ்வொரு குச்சியடியிலும் தோண்டி, பொட்டலம் கட்டி, வேன்காரரிடம் கொடுத்தனுப்பினார். கூடவே சுட்டுத் தின்னப் பாலாடைக்கட்டியும் வெயிலில் காயவைத்த மாட்டிறைச்சியும் வந்தன. பொட்டலங்களை எண்ணுவதற்கு முன் இறைச்சிதான் தீர்ந்தது.

பொட்டலத்துக்கு ஒரு தட்டாகக் கொட்டிவைத்த உலர்ந்த மண்ணில் தண்ணீர் விடுகிற நாளுக்கு அந்தக் கூடத்தில் 'மழை நாள்' என்று பேர். மண் யாருடையதோ அவர்தான் பூவாளியால் ஊற்ற வேண்டும். தார்சீசியு என்கிற முதுகலைப் பையன் கேக் சுடுகிற தகரத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கடகடவென்று ஆட்டி இடி இடிப்பான். இடி இல்லாமல் முட்டை பொரிக்காது என்று அவன் சாதிப்பான். சொலாஞ்ச் அதை ஒருபோதும் மறுத்ததில்லை. அந்த வருஷமும் இடி இடித்தது, மழை பெய்தது, மறுநாள் காலை மண் கலங்கிய தண்ணீரில் கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் நெளிந்தன. சின்னக் குளத்து மண்ணில் எந்தப் பொட்டலமும் சோடை போகவில்லை. எடிலேனி அழுதே விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், இறால்குஞ்சு விட்டுக்கொண்டிருந்த தார்சீசியு கத்தினான்.

"ஏய் எடி, ஓடி வா! உன் வீட்டு மாப்பிள்ளைங்க எல்லாம் உதட்டுச் சாயம் பூசிட்டு நிக்கிறானுங்க!"

ஆண் மீன்களுக்கு நிறம் ஏறுகிற பருவம். பெரிய குளத்து மீன்களின் செதிலில் நீலப் புள்ளி, எப்போதும் போல. சின்னக் குளத்து மீன்களுக்கும் நீலப் புள்ளி. ஆனால் முதுகுத் துடுப்பின் ஓரத்தில், நூல் பிடித்தாற்போல் ஒரு சிவப்புக் கரை.

சொலாஞ்ச் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டப்பாவோடு மூக்கை ஒட்டினார். வயசு ஐம்பத்தெட்டு, சிரித்தால் பதினெட்டு.

"இத்தன வருஷமா இந்த மீனோட குப்ப கொட்டறேன். ஒரே ஊர்ல ரெண்டு குளத்துக்கு நடுவுல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. எடி, உன் வீட்டுக் கொல்லையில என்னடி ஒளிச்சு வச்சிருக்க?"

"கொல்லையில ஆடுதான் இருக்கு புரொபசர்," என்றாள் எடிலேனி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அன்றைக்குக் காப்பியைச் சூடாகவே குடித்தார்கள். சொலாஞ்ச் நடைபாதையில் போகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். அடுத்த மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறோம் என்றார். எடிலேனி சிரித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்தச் சிவப்புக் கரையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய ஞானத்தகப்பன் ஜெனிவாலின் நிலத்தில், குன்றுக்கு அந்தப் பக்கம் உள்ள குட்டையில், சின்ன வயசில் மாவுச் சல்லடையால் பிடித்திருக்கிறாள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் வேறு ஆற்றுக்குப் போகிறது, மீனும் வேறு. வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் ஒரு நாளும் சிவப்பைப் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின், மாடிப்படி மறைவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா லிந்தால்வாதான் எடுத்தாள். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவது அவள் பழக்கம். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"அப்பா இல்லியாம்மா?"

"இருக்காரு, பீன்ஸ் உரிக்கிறேன்னு தின்னுட்டு இருக்காரு. இந்தாரும், உம்ம டாக்டரு."

"என்ன மகளே, மேக மீனு நல்லாயிருக்கா?" என்றார் வல்தெமீர்.

"நல்லாயிருக்குப்பா. கொழுகொழுன்னு இருக்கு."

"நான் சொன்னேன்ல!"

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? நம்ம குளத்து மண்ணுன்னு கட்டி அனுப்புனது, நம்ம குளத்து மண்ணுதானே?"

தூரத்தில் ஆட்டு மணி கேட்டது.

"கேக்குறால்ல, வாயில என்ன வச்சிருக்கீரு?" என்றாள் லிந்தால்வா.

"நீ சும்மா கெட. மகளே, இப்ப அங்க எதும் பெரச்சினையா?"

"பெரச்சினை இல்லப்பா. சொல்லுங்க."

"இந்த வருஷம் நம்ம குளத்துல தண்ணி நின்னதே கொஞ்ச நாளு. அதுலயும் ஆடு எறங்கி ஒழப்பிருச்சு. தோண்டிப் பாத்தேன், பொடிச்சுப் பாத்தேன். வெறும் மண்ணு. அதப் போயி டாக்டருமாரு முன்னால வச்சு, 'இது எங்கப்பா குளம், இதுல ஒண்ணுமில்ல'ன்னு நீ நிக்கணுமா? எனக்கு மனசு வரல. கூட்டாளி ஜெனிவால் குட்டையில அம்புட்டு மீனு. கழுதையப் பூட்டிட்டுப் போயி நல்ல எடமாப் பாத்து அள்ளியாந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தா நோஞ்சான் கோழியவா அடிப்பாங்க?"

எடிலேனிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்பா, எனக்குக் கொழுத்த மீனு வேணாம்ப்பா. நம்ம குளத்துல என்ன இருக்கோ அதுதான் வேணும்."

"ஒண்ணுமே இல்லாட்டி?"

"ஒண்ணுமே இல்லன்னு தெரியணும்."

"ஒண்ணுமில்லங்கிறதத் தெரிஞ்சுக்கவா அம்மாம் பெரிய கட்டடம் கட்டி வச்சிருக்கானுக?"

"ஆமாப்பா, அதுக்குத்தான் கட்டியிருக்காங்க! ஒரு வருஷத்தயே குழி வெட்டிப் பொதச்சிட்டீங்க. யாரு உங்கள நல்ல எடமாப் பாக்கச் சொன்னது? குச்சி நட்ட எடத்துல தோண்டுங்கன்னுதானே சொன்னேன்!"

அவள் தன் அப்பாவிடம் அப்படிப் பேசியதே இல்லை. அந்தப் பக்கம் லிந்தால்வா ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். "சரி மகளே," என்று மட்டும் சொன்னார் வல்தெமீர்.

போனை வைத்தபின் ஒரு கெட்ட யோசனை வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன? இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சொலாஞ்சின் முகத்தில் அந்தப் பதினெட்டு வயசு அப்படியே இருக்கும். அப்பாவை யாரும் ஏமாற்றுக்காரர் என்று நினைக்க மாட்டார்கள். மாநாடு, பாராட்டு, பட்டம். சுவரில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள். சிவப்புக் கரை போட்ட மீன் ஒன்று கண்ணாடிச் சுவரை முட்டிக்கொண்டு அவளையே பார்த்தது. தீனி கேட்டுத்தான் பார்த்தது, ஆனாலும் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

சொலாஞ்சின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க, சொலாஞ்சின் முகத்தில் வயசு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு."

"சரி."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும் புரொபசர்."

சொலாஞ்ச் சிரிக்க நினைத்து முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்னக் குளத்துக் கணக்கு மொத்தமும் போச்சு. உன் உதவித்தொகை முடியறதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு மழைக்குத்தான் இடமிருக்கு. அடுத்த தடவ தார்சீசியுவ அனுப்பறேன். அவனே தோண்டட்டும்."

"வேணாம் புரொபசர். அப்பாதான் எடுக்கணும்."

"எடி!"

"அந்தக் குளத்துல வெளியாள் எறங்கித் தோண்டினா, வல்தெமீர் மகளையே ஏமாத்திட்டான், அதான் ஆள் வந்திருக்குன்னு பேசுவாங்க. அப்புறம் அவரு சர்ச்சுக்குக்கூடத் தலை நிமிந்து போக முடியாது. எங்க அப்பா திருடல. நான் கொறஞ்சு போயிடக் கூடாதுன்னு செஞ்சுட்டாரு."

"இது மீனுக்கு வைக்கிற சோதனையா, உங்கப்பா மானத்துக்கு வைக்கிற சோதனையா?"

"ரெண்டுக்கும்தான்."

"மறுபடியும் மாத்தினாருன்னா?"

"மாத்தினா செவப்பு வரும்ல. அன்னைக்கு நானே மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயிடறேன்."

சொலாஞ்ச் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். "எங்கப்பாவும் இப்படித்தான்," என்றார். என்ன இப்படித்தான் என்று சொல்லவில்லை. எழுந்து போய், மாநாட்டுக்காரர்களுக்குப் பேச்சை ரத்து செய்து எழுதினார்.

அந்த வருஷ அறிக்கையில் எடிலேனி ஒரே வரிதான் எழுதினாள். மண் எடுத்தவரின் பிழையால் சின்னக் குளத்து மாதிரிகள் நீக்கப்பட்டன. மண் எடுத்தவர் யாரென்று எழுதவில்லை. அப்பாவை மறைப்பதும் அவரை மதிப்பதும் ஒரே வரியில் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் மழையைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். லிந்தால்வா ஆவியில் வேகவைத்த சோளமாவுப் புட்டான குஸ்குஸைத் தட்டில் கவிழ்த்து இருவருக்கும் நடுவில் வைத்து, "இதத் தின்னவாவது பேச்சு வேணாம்ல, தின்னுங்க ரெண்டு பேரும்," என்றாள். தண்ணீர் இறங்கியபின் எடிலேனி குச்சி நடப் போனாள். வல்தெமீர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார், கூப்பிடாமல்.

"இங்க நடுறியே, இங்க என்ன இருக்குன்னு நடுற? இது ஓரம். ஆட்டுப் புழுக்கைதான் இருக்கும்."

"கயித்துல அளந்தா இங்கதான்ப்பா வருது."

"கயித்துக்கு என்ன தெரியும்? நடுவுலதான் ஈரம் நிக்கும். அங்க நடு."

"அங்கயும் நடுவேன். இங்கயும் நடுவேன். மீனு எங்க முட்டையிடும்னு எனக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்ச மாதிரி நட்டா, நான் நெனச்சதுதான் எனக்குத் திரும்பி வரும்."

வல்தெமீர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இல்லாத எடத்துல தோண்டுறதுக்கு என் கை பழகல மகளே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த குச்சியை அவரே எடுத்து நீட்டினார்.

மண் வேனில் வந்தது, இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும். இந்தத் தடவை எடிலேனியால் ஒரு துண்டு இறைச்சிகூட விழுங்க முடியவில்லை. மழை நாளில் தார்சீசியு தட்டு கிழிகிற மாதிரி இடி இடித்தான். மறுநாள் காலை சின்னக் குளத்துத் தட்டுகளில் பாதியில் குஞ்சு நெளிந்தது, பாதியில் தெளிந்த தண்ணீர் சும்மா நின்றது. பேராசிரியையும் மாணவர்களும் தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார்கள். பிறந்தவை வளர்ந்து நிறம் ஏறின. எந்தத் துடுப்பிலும் சிவப்பு இல்லை. பெரிய குளத்து மீன்களைவிட வெகு முன்னதாகவே அவை வயதுக்கு வந்து, முட்டையிட ஆரம்பித்தன. தார்சீசியு அவளைத் தூக்கிச் சுற்றினான், இறால்குஞ்சு வடிகட்டி பறந்துபோய் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது வல்தெமீர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எல்லாக் குச்சியிலயும் பொறந்துச்சா?"

"இல்லப்பா. பாதியில ஒண்ணுமில்ல."

"ம்," என்றார்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று ஊரிலிருந்து வாடகை வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். அங்கே தேர்வு என்றால் எல்லோருக்கும் திறந்த அரங்கு. தேர்வாளர்களுக்கும் வந்தவர்களுக்கும் சாப்பாடு போடுவது பட்டம் வாங்குகிற குடும்பத்தின் பொறுப்பு. லிந்தால்வா முந்தின நாளே இடித்த சோளத்தில் கேக்கும், தேங்காய் அப்பமும் செய்து, மேசைத் துணியோடு கொண்டுவந்திருந்தாள். அரங்கத்தின் பின்வரிசை முழுக்க அவர்கள்தான். வல்தெமீர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் திரையில் படம் மாற்றும்போதெல்லாம் பின்வரிசையில் யாராவது, "அது நம்ம குளம்!" என்றார்கள். சொலாஞ்ச் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எடிலேனி பேசி முடித்ததும் தேர்வாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வந்த ஹென்ரீக் என்ற பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் எதையும் விட மாட்டார். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"முதல் வருஷம் சின்னக் குளத்து மாதிரி மொத்தத்தையும் நீக்கியிருக்கீங்க. மண் எடுத்தவர் பிழைன்னு எழுதியிருக்கு. ரெண்டாவது வருஷத்துல அதே குளத்துல பாதிக்குப் பாதி பொட்டலம் காலி. ஒரு மீன்கூட இல்ல. இதையும் அதே ஆள்தான் எடுத்தாரா? மேலோட்டமா சுரண்டி அனுப்பிட்டாரோ? அந்தக் காலிப் பொட்டலங்களை எப்படி நம்பறது?"

எடிலேனி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம். வல்தெமீர் எழுந்துவிட்டார். லிந்தால்வா சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை.

"ஐயா, மன்னிக்கணும். கேக்காம பேசுறேன். மொத வருஷம் மண்ண மாத்துனவன் நான்தான். அள்ளுனது குன்றுக்கு அந்தப் பக்கத்துக் குட்டையில, இந்தப் பொண்ணுக்குத் தெரியாம. அது என் தப்பு. அத நீங்க எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அரங்கம் முழுக்கத் திரும்பியது. அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டாம் வருஷம் சுரண்டல. கல்லு மாதிரி கெடந்துச்சு தரை. கடப்பாறையால குத்தி, முழங்கை போற அளவு தோண்டி, குச்சி நட்ட எடத்துலயே எடுத்தேன். தோண்டுறப்பவே தெரியும், இதுல ஒண்ணுமில்லன்னு. பத்தடி தள்ளிப் போனா முட்டை கெடக்கு. கை கூசுச்சு ஐயா. வெறும் மண்ணக் கட்டி அனுப்புறேனேன்னு வீட்டுல அன்னைக்குச் சோறு திங்கல. அனுப்பிச்சேன். கொழுத்தது அனுப்புறது லேசு. இதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் காலிப் பொட்டலத்த மட்டும் சந்தேகப்படாதீங்க. அந்த ஒண்ணுமில்லாததும் எங்க குளத்தோடதுதான்."

ஹென்ரீக் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

"ஐயா, நீங்க...?"

வல்தெமீர் சட்டென்று தடுமாறினார். தான் யாரென்று சொன்னால் மகளுக்குக் குறைவோ என்று அந்த ஒரு நொடியில் அவர் பயந்தது முன்வரிசை வரை தெரிந்தது. கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தார்.

எடிலேனிக்குச் சத்தம் நன்றாகவே வந்தது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"மண்ணெடுத்தவரு அவருதான் சார். வல்தெமீர் ஃபெரெய்ரா. எங்க அப்பா."

பின்வரிசை கைதட்டியது. தார்சீசியு கைதட்டினான். இந்த மாதிரித் தேர்வில் நடுவில் கைதட்டுவது வழக்கமில்லை என்று தெரிந்தும் சொலாஞ்ச் கைதட்டினார். வல்தெமீர் உட்கார்ந்து தொப்பியைத் தவறாகத் தலையில் போட்டுக்கொண்டார், லிந்தால்வா அதைப் பிடுங்கி அவர் மடியில் வைத்தாள். எடிலேனி கண்ணைத் துடைத்துவிட்டுத் திரையில் சின்னக் குளத்தின் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். காலியான குச்சிகள் எல்லாம் ஓரத்தில் வளையம் போட்டு நின்றன. பிறந்தவை எல்லாம் கடைசியாக வற்றும் நடுப்பள்ளத்தில் இருந்தன.

"இந்தக் காலியெல்லாம் இல்லாம இருந்தா," என்று அவள் ஆரம்பித்தாள், "தாய் மீனு நடுப்பள்ளம் பாத்துதான் முட்டையிடுதுன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது சார்."